குறுக்கெழுத்துக்குள் ஒளித்த மன்னிப்பும், அதைத் தமிழில் செய்யும் வழியும்

கிளிநொச்சியிலிருந்து ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: "அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் வந்த குறுக்கெழுத்துக்கும் அன்றிரவு ரீவியில் போன கார்ட்டூனுக்கும் தொடர்பு இருந்ததாமே, உண்மையா? எங்கள் சனசமூக நிலையம் ஆண்டுமலர் போடுகிறது. அதே நாளில் எங்கள் பெடியள் எடுத்த குறுநாடகம் ஒன்றையும் யூடியூப்பில் விடப்போகிறோம். மலரில் வரும் குறுக்கெழுத்தையும் நாடகத்தையும் அப்படி இணைக்கலாமா?" இரண்டு கேள்வி போலத் தெரிந்தாலும், கேட்டது ஒன்றைத்தான் என்று நினைக்கிறேன். கட்டத்தை நிரப்புகிறவருக்கே தெரியாமல், அவர் கையாலேயே ஒரு செய்தியை எழுத வைக்க முடியுமா, அதுவும் தமிழில்? முடியும். ஆனால் ஆங்கிலத்தில் செய்த அதே வழி தமிழில் சரிவராது. அந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

முதலில் நான் எதை வைத்துப் பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். முல்லைத்தீவுப் பக்கத்தில் தமிழ் படிப்பித்த ஆள். இருபது வருடத்துக்கு மேலாகப் பாடசாலைச் சஞ்சிகைக்கும் கோயில் மலர்களுக்கும் பிறகு ஒரு பிராந்திய வார இதழுக்கும் குறுக்கெழுத்து அமைத்து வந்திருக்கிறேன். தொடங்கியதே போர்க்காலத்தில்தான். கொழும்புப் பேப்பர் வன்னிக்கு நாட்கணக்கில் பிந்தி வரும். போட்டியின் முடிவுத் திகதி அதற்குள் போயிருக்கும், தபாலட்டை போட்டும் பயனில்லை. வாசிகசாலைக்கு வரும் ஒரு பிரதியில் யாராவது முதல் ஆள் பேனையால் நிரப்பிவிட்டால் மற்ற எல்லோருக்கும் அன்றைய புதிர் முடிந்தது. அதனால் கொப்பி ஒற்றையில் நானே கட்டம் கீறி வாசிகசாலைச் சுவரில் ஒட்டத் தொடங்கினேன். இன்றுவரை நான் அமைத்ததில் பெரியது 11க்கு 11 கட்டம். ஆகவே தமிழ்க் கட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் கைப்பழக்கத்தில் வந்தது. அமெரிக்காவின் பெரிய கட்டங்கள் பற்றிச் சொல்வது, வாசித்தும் நிரப்பிப் பார்த்தும் அறிந்தது.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. 2008 நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை. அன்றைய நியூயோர்க் ரைம்ஸ் குறுக்கெழுத்தை அமைத்தவர் மேர்ல் ரீகல். அந்தப் பத்திரிகையின் புதிர்ப் பகுதிக்கு 1993இலிருந்து ஆசிரியராக இருப்பவர் வில் ஷோர்ட்ஸ். அதே ஞாயிறு இரவு 'த சிம்ப்சன்ஸ்' என்ற கார்ட்டூன் தொடரில் போன அத்தியாயத்தில் லிசா என்ற சிறுமிக்குக் குறுக்கெழுத்தில் பைத்தியம் பிடிக்கிறது, ஒரு போட்டியில் சேர்கிறாள். அவளுடைய அப்பா ஹோமர், இறுதிச் சுற்றில் சொந்த மகள் தோற்பாள் என்று பந்தயம் கட்டிக் காசு பார்க்கிறார். அதை அறிந்த பிள்ளை உடைந்துபோகிறாள். இனி அப்பாவின் பெயர் வேண்டாம், அம்மாவின் குடும்பப் பெயரே போதும் என்கிறாள். அப்பா என்ன செய்கிறார்? மகள் விடாமல் நிரப்பும் அந்தப் பத்திரிகைக் குறுக்கெழுத்துக்குள்ளேயே தன் மன்னிப்பை ஒளித்துவைக்க ஏற்பாடு செய்கிறார். ரீகலும் ஷோர்ட்ஸும் அந்த அத்தியாயத்தில் தங்கள் பாத்திரங்களுக்குத் தாங்களே குரல் கொடுத்திருக்கிறார்கள்.

கதையில் லிசா நிரப்பியது கற்பனைக் கட்டம் இல்லை. அன்று காலை வாசகர்கள் மேசையில் வைத்து நிரப்பிய அதே கட்டம். ஞாயிற்றுக்கிழமைக் கட்டம் 21க்கு 21. இடதுபக்க மேல் மூலையிலிருந்து வலதுபக்கக் கீழ் மூலைவரை சரிவாக வாசித்தால், 'முட்டாள் அப்பா தன் பந்தயத்துக்காக வருந்துகிறார்' என்ற பொருளில் ஆறு ஆங்கிலச் சொற்கள் வரும். எண்ணினால் சரியாக 21 எழுத்து. அதோடும் விடவில்லை. குறிப்புகளின் முதல் எழுத்துக்களை வரிசையாகச் சேர்த்தால் 'அன்புள்ள லிசா' என்று தொடங்கும் ஒரு கடிதம் கிடைக்கும். 144 எழுத்து வேண்டும் என்று தனக்குச் சொன்னார்கள் என்று அந்தக் கடிதமே சொல்லும், அதற்காகவே ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கும். ஒரே கட்டத்தில் இரண்டு ஒளிப்பு. இதெல்லாம் அச்சில் இருக்கிற, யாரும் எடுத்துச் சரிபார்க்கக்கூடிய விஷயம். அன்று காலையில் எத்தனை பேர் கண்டுபிடித்திருப்பார்கள் என்று கேட்டால், அதற்கு என் பதில் ஊகம்தான்: மிகக் கொஞ்சப் பேர். நிரப்புகிற கண் குறுக்காகவும் கீழாகவும்தான் ஓடும், சரிவாக ஓடாது. குறிப்பை வாசிக்கிறவர் அதன் பொருளைத்தான் தேடுவார், எந்த எழுத்தில் தொடங்குகிறது என்று பார்க்கமாட்டார்.

அந்த நாளைப் பற்றி இன்னும் ஒன்று. 2008 நவம்பர் 16 என்றால் எங்களுக்கு வேறு நினைவு. முந்தைய நாள் பூநகரி படையினர் கைக்குப் போயிருந்தது. நாங்கள் தருமபுரத்தில் தறப்பாள் கொட்டில் ஒன்றில் இருந்தோம். இந்தப் புதிர் பற்றி நான் அறிந்தது மீளக்குடியமர்ந்து ஓரிரு வருடம் கழிந்த பிறகு, கனடாவிலிருந்து மச்சாள் ஒருத்தி கட்டத்தைப் படமெடுத்து அனுப்பியபோது. பென்சிலால் நிரப்பி, சரிவைக் கண்டதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். காலையில் வீட்டு வாசலுக்கு வரும் பேப்பரும் இரவில் வீட்டுக்குள் ஓடும் ரீவியும் ஒரே நாளில் ஒரே வீட்டில் சந்திக்கின்றன. அந்தச் சந்திப்பை நம்பித்தான் இந்த வேலை முழுவதும் கட்டப்பட்டிருக்கிறது. எங்களுக்குப் பேப்பர் பிந்தி வந்தது, ரீவி யாராவது ஜெனரேற்றர் போட்டால்தான் ஓடியது. இன்று கிளிநொச்சியிலிருந்து ஒருவர் மலரையும் நாடகத்தையும் ஒரே நாளில் விடப்போகிறோம் என்று எழுதுவதை வாசிக்கும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

சரி, இப்படி ஒரு கட்டம் முழுவதையும் கோத்துவைக்கும் எண்ணத்தைக் கருப்பொருள் என்பார்கள். அது எப்படி வந்தது? குறுக்கெழுத்து 1913 டிசம்பர் 21 அன்று ஆர்தர் வின் என்பவர் நியூயோர்க்கில் ஒரு பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் போட்ட புதிரிலிருந்து வளர்ந்தது. அதற்குக் கருப்பொருள் ஒன்றும் கிடையாது, வெறும் சொற்கள்தான். பிற்பாடுதான், கட்டத்தில் உள்ள நீளமான விடைகள் எல்லாம் ஏதோ ஒரு நூலில் கோத்தவையாக இருக்க வேண்டும் என்ற பழக்கம் வந்தது. நியூயோர்க் ரைம்ஸில் வெள்ளி, சனிக் கட்டங்களுக்குப் பொதுவாகக் கருப்பொருள் இராது. மற்ற நாட்களில் இருக்கும். நான் பார்த்ததில் ஆகச் சிறந்தது 1996 நவம்பர் 5, அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் நாளில் வந்தது, ஜெரமையா ஃபாரல் என்பவர் அமைத்தது. நாளைய பேப்பரின் தலைப்புச் செய்தி என்ன என்று குறிப்பு கேட்கும். கிளின்டன் என்று போட்டாலும் சரிவரும், பொப் டோல் என்று போட்டாலும் சரிவரும். இரண்டும் ஆங்கிலத்தில் ஏழெழுத்து. மேலிருந்து கீழாக வந்து வெட்டும் சொற்களும் இரண்டுக்கும் பொருந்தும்படி குறிப்புகள் எழுதப்பட்டிருந்தன. முதல் எழுத்தை வெட்டும் சொல் ஒருவருக்குப் பூனை (CAT), மற்றவருக்கு வௌவால் (BAT). வெளியே நடக்கப்போகும் ஒன்றைப் பார்த்தபடி கட்டம் காத்திருக்கிறது. சிம்ப்சன்ஸ் கட்டமும் அதே இனம்தான். வெளியே நடக்கப்போவது தேர்தலுக்குப் பதிலாக ரீவி நிகழ்ச்சி.

இனித் தமிழுக்கு வருவோம். குறிப்புகளின் முதல் எழுத்தில் செய்தியை ஒளிப்பது ஆங்கிலத்தில் சுலபம், 26 எழுத்தில் எதுவும் சொல்லுக்கு முதலில் வரும். தமிழில் எந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரலாம் என்பதற்கே இலக்கணம் இருக்கிறது. புள்ளி வைத்த மெய் முதலில் வராது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகியவற்றின் வரிசைகளில் சொந்தத் தமிழ்ச் சொல் தொடங்காது. வகர வரிசையிலும் வு, வூ, வொ, வோ வராது. இதை வைத்து எங்கள் ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். கிளிநொச்சியில் ளியும் ச்சும் நிற்காது. வவுனியாவில் நடுவில் உள்ள இரண்டும் போய்விடும். முல்லைத்தீவில் ஆறு எழுத்தில் முவும் தீயும் மட்டும்தான் மிஞ்சும். வன்னி என்ற சொல்லையே எடுங்கள்: ன் தொடங்காது, னி தொடங்காது, வ ஒன்றுதான் தேறும். இரவல் சொற்களைப் பிடித்துவந்து ரகரத்தையும் லகரத்தையும் சமாளிக்கலாம், ஆனால் ன் என்று தொடங்கும் குறிப்பை யாராலும் எழுத முடியாது.

அதற்காக அந்த வழியை முழுதாகக் கைவிட வேண்டியதில்லை. முதலில் வரக்கூடிய எழுத்துக்களாலேயே ஆன செய்தியைத் தேடிப் பிடிக்கலாம். நான் ஒரு பாடசாலைச் சஞ்சிகைக்காகக் கிட்டத்தட்ட ஒரு கிழமை தேடிக் கண்டது: 'வாசகா நீ மேதை'. வா, ச, கா, நீ, மே, தை. ஆறும் சொல்லுக்கு முதலில் வரும். ஒரு குறிப்பு வானத்தில் தொடங்கியது, அடுத்தது சந்தையில், பிறகு காடு, நீர், மேடு, கடைசியாகத் தைப்பொங்கல். ஆறு குறிப்புள்ள சின்னக் கட்டத்துக்கு இது போதும். ஆனால் ஒரு மன்னிப்பையோ, நாடகத்தின் முடிச்சு அவிழும் ஒரு வசனத்தையோ இப்படி எழுத எழுத்து போதாது. 'மன்னித்துவிடு' என்பதில் ம, து, வி மூன்றும்தான் நிற்கும்.

சரிவுதான் தமிழுக்கு ஏற்ற வழி. சரிவில் விழும் எழுத்து ஒரு சொல்லின் நடுவில் இருக்கலாம், கடைசியில் இருக்கலாம், முதலில்தான் நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு தாளில் 5க்கு 5 கட்டம் கீறிப் பாருங்கள். முதல் நிரலில் மேலிருந்து கீழாக 'வசந்தம்' எழுதுங்கள்: வ, ச, ந், த, ம். இரண்டாம் நிரையில் இடமிருந்து வலமாக 'சன்மானம்': ச, ன், மா, ன, ம். வசந்தத்தின் ச இதற்கு முதலெழுத்தாகிறது. சன்மானத்தின் மா இருக்கும் மூன்றாம் நிரலில், அந்த மாவிலிருந்து கீழாக 'மானியம்': மா, னி, ய, ம். மற்றக் கட்டங்கள் எல்லாம் கறுப்பு. இப்போது மேல் மூலையிலிருந்து சரிவாக மூன்று கட்டத்தை வாசியுங்கள். வ, ன், னி. முதலெழுத்து வழியில் ஒருபோதும் ஒளிக்க முடியாத சொல், மூன்றே மூன்று சாதாரணச் சொற்களுக்குள் படுத்திருக்கிறது. வசந்தத்துக்கு 'இளவேனில், ஒரு தமிழ் அலைவரிசையின் பெயரும்கூட' என்று குறிப்பு எழுதலாம். மானியத்துக்கு 'உரத்துக்காக வயல்காரர் எதிர்பார்ப்பது' என்றால் எங்கள் பக்கத்தில் தெரியாதவர் இருக்கமாட்டார்.

சரிவில் வேலை செய்யும்போது இரண்டு இடத்தில் கை தடுக்கும். ஒன்று உயிரெழுத்து. அ, இ, உ போன்றவை தமிழ்ச் சொல்லின் நடுவில் வருவதில்லை, அளபெடையைத் தவிர. ஆகவே சரிவில் ஓர் உயிரெழுத்து விழுந்தால் அது எந்தச் சொல்லில் இருக்கிறதோ அந்தச் சொல்லின் முதலெழுத்தாகத்தான் இருக்க வேண்டும். இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் இரண்டு சொல் அதில் சந்தித்தால் இரண்டுமே அங்கிருந்து தொடங்க வேண்டும், இடப்பக்கமும் மேலேயும் கறுப்பு. நடுக்கட்டத்தில் இது பெரிய இடைஞ்சல். இதற்கு மருந்து இலக்கணத்திலேயே இருக்கிறது: புணர்ச்சி. 'வன்னி அழகு' என்று பிரித்து வைக்காமல் 'வன்னியழகு' என்று சேர்த்தால் அ போய் ய வந்துவிடும், யகரம் சொல்லின் நடுவில் தாராளமாக நிற்கும். மற்றது வல்லின மெய். க், ச், த், ப் ஆகியவற்றுக்குப் பின்னால் அந்தந்த இனத்து எழுத்தே வரும். அதனால் சரிவில் த் விழுந்தால் பக்கத்துக் கட்டத்தில் தகர வரிசைதான். கட்டம் அமைக்கும்போது முதலில் சரிவை எழுதி, அதில் உள்ள வல்லின மெய்களுக்கும் உயிர்களுக்கும் சொல் தேடுங்கள். லேசான எழுத்துக்களைக் கடைசிக்கு விடுங்கள். இதை மாற்றிச் செய்து நான் அழித்து அழித்துக் கிழித்த ஒற்றைகள் ஏராளம்.

அமெரிக்கக் கட்டத்தில் ஒவ்வோர் எழுத்தும் குறுக்காக ஒரு சொல்லிலும் கீழாக ஒரு சொல்லிலும் இருந்தாக வேண்டும். தமிழில் அதை நான் 5க்கு 5க்கு மேல் முயன்று வென்றதில்லை. 247 எழுத்தோடு வேலை செய்யும்போது ஒரு வெட்டில் பொருந்தும் சொற்கள் மிகவும் குறைந்துவிடும். என்னைவிடக் கெட்டிக்காரர் ஒருவரோ கணினி நிரலோ செய்யக்கூடும், நான் செய்ததில்லை. ஆனால் மலருக்கு அது தேவையே இல்லை. எங்கள் பேப்பர்களில் பழகிய, கறுப்புக் கட்டம் நிறைய உள்ள அமைப்பே போதும். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். விடையின் எழுத்துக்களை இடம் மாற்றிவிட்டு, குறிப்பில் 'குழம்பியுள்ளது', 'திரும்பியுள்ளது' என்று அடைப்புக்குள் போட்டுச் சமாளிக்கும் வழக்கம் எங்களிடம் உண்டு, நானும் நிறையச் செய்திருக்கிறேன். சரிவில் எழுத்து விழும் சொற்களில் அதைச் செய்ய வேண்டாம். எழுத்தைக் குழப்பினால் எந்தச் செய்தியையும் எங்கும் ஒளிக்கலாம், பிறகு அதைக் கண்டுபிடிப்பவருக்கு வியப்பு இராது.

இதை அமெரிக்காவிலிருந்து வந்த வித்தை என்று நினைக்க வேண்டாம் என்றும் சொல்ல விரும்புகிறேன். ஒரு செய்யுளுக்குள் இன்னொரு செய்யுளின் எழுத்துக்களை ஒளித்து வைப்பதைத் தண்டியலங்காரம் கரந்துறைச் செய்யுள் என்று சொல்கிறது. எட்டெட்டு எழுத்தாக நாலடியில் கட்டம் போல எழுதி, நேராக வாசித்தாலும் சுழன்று சுழன்று வாசித்தாலும் அதே பாட்டு வரும்படி பாடுவதற்குச் சுழிகுளம் என்று பெயர். குளம் கட்டி வாழ்ந்த எங்களுக்கு இந்தப் பெயர் மிகவும் பிடிக்க வேண்டும். படிப்பித்த காலத்தில் பிள்ளைகளுக்கு இதைக் கட்டம் கீறிக் காட்டினால், அணியிலக்கணம் என்றாலே முகம் சுளிப்பவர்களும் மேசையைச் சுற்றி வந்து நிற்பார்கள்.

உங்கள் மலருக்குக் கருப்பொருள் என்று கேட்டால், குளங்களின் பெயர்களை வரிசையாக அடுக்க வேண்டாம். அது பட்டியல், கருப்பொருள் ஆகாது. சொல்லுக்குள் ஒரு திருப்பம் வேண்டும். உதாரணத்துக்கு 'கட்டு' என்பதை எடுக்கலாம். கட்டுரை, கட்டுமரம், கட்டுக்கதை என்று மூன்று விடைகளில் கட்டு முன்னுக்கு வரட்டும், நான்காவதாக முத்தையன்கட்டு என்ற குளத்தின் பெயரில் அது பின்னுக்கு வரட்டும். மூன்றைக் கண்டவர் நான்காவதற்காகத் தேடி, இடம் மாறியிருப்பதைக் காணும்போது ஒரு சின்னச் சிரிப்பு வரும்.

நாடகத்தோடு இணைக்கும் விதத்தில் நான் உறுதியாக நம்புவது இதுதான்: கட்டம் தனியாகவும் நல்ல கட்டமாக இருக்க வேண்டும். நாடகம் பார்க்காத அம்மம்மா ஒருவர் மலரை எடுத்து நிரப்பினால் அவருக்கு ஒரு குறையும் தெரியக்கூடாது. நாடகமும் மலர் வாங்காதவருக்கு விளங்க வேண்டும். இரண்டையும் பார்த்தவருக்கு மட்டும் மூன்றாவதாக ஒன்று கிடைக்கும். நாடகத்தில் ஒரு பாத்திரம் கட்டத்தை நிரப்பும் காட்சி இருந்தால், மலரில் அச்சான அதே பக்கத்தை வையுங்கள், வேறொரு கட்டத்தை வரைந்து காட்ட வேண்டாம். காலையில் தான் நிரப்பிய பக்கத்தைத் திரையில் காண்பவருக்குத்தான் நெஞ்சு ஒருமுறை அடித்துக்கொள்ளும். கட்டத்துக்கு மேலே 'ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது' என்று எழுத வேண்டாம். மலர் கைக்கு வந்து குறைந்தது அரை நாளாவது கழிந்த பிறகு நாடகத்தை விடுங்கள். அச்சகம் பிந்தினால் நாடகத்தையும் பிந்தச் செய்யுங்கள், நாடகம் முந்தினால் எல்லாம் வீண். விடைகளை அடுத்த இதழுக்கு வைத்திராமல் அதே மலரின் கடைசிப் பக்கத்தில் போடுங்கள், சரிவை மட்டும் காட்டாமல்.

அச்சுக்குக் கொடுக்கமுன், விஷயம் தெரியாத இரண்டு பேரிடம் நிரப்பக் கொடுங்கள். ஒருவர் வயதானவராகவும் மற்றவர் பள்ளிக்கூடப் பிள்ளையாகவும் இருந்தால் நல்லது. எந்தக் குறிப்பில் நிற்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பாருங்கள், சொல்லிக் கொடுக்க வேண்டாம். சரிவு கடந்து போகும் சொல் ஒன்றில் இருவரும் நின்றுவிட்டால் அந்தக் குறிப்பை மாற்றி எழுதுங்கள், அந்த ஓர் எழுத்து விழாவிட்டால் செய்தி முழுவதும் உடைந்துவிடும். மூன்றாவது ஆளாக நானும் நிரப்பிப் பார்க்கத் தயார். கட்டத்தையும் குறிப்புகளையும் மட்டும் இங்கே போடுங்கள். என்ன ஒளித்திருக்கிறீர்கள் என்று சொல்லிவிடாதீர்கள்.